ஒத்தி வீட்டில் இருப்பவர் 'ஐ ஓன் எ ஹவுஸ்' என்று சொல்லலாமா?

செல்லூர்_அக்கா

வணக்கம். மதுரை செல்லூரில் இருக்கிறேன். வீட்டில் இருந்தபடியே பார்க்கிற ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: 'டூ யூ ஓன் ஆர் ரென்ட் யுவர் ஹோம்?' நாங்கள் இருப்பது ஒத்தி வீடு. ஆறு லட்சம் கொடுத்திருக்கிறோம், மூன்று வருடம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பி வரும். அதனால் வாடகை வீடு என்று எழுத மனம் வரவில்லை. சொந்த வீடும் இல்லை. யோசித்து யோசித்து 'ஐ ஆம் ஓனிங் ஒத்தி ஹவுஸ்' என்று எழுதிவிட்டேன்.

நேர்காணலில் அந்த வரியை வாசித்துக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். பதில் சொல்ல நா எழவில்லை. வேலை கிடைக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலத்தைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஹேவ், ஓன், பொசஸ், பிலாங் இந்த நாலுக்கும் என்ன வேறுபாடு? யாராவது நிதானமாகச் சொல்லுங்கள்.

மாசிவீதி_டியூஷன்

அக்கா, இது உங்களுக்கு மட்டும் நடப்பது இல்லை. இருபது வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பலரும் இடறுகிற இடம் இது.

உங்கள் வரியில் இரண்டு பிழை. சிறியதை முதலில் முடித்துவிடுவோம். ஓன் என்பது ஒரு நிலையைச் சொல்கிற வினை. சமைப்பது, நடப்பது போலத் தொடங்கி முடிகிற காரியம் இல்லை. அதனால் 'ஐ ஆம் குக்கிங்' வரும், 'ஐ ஆம் ஓனிங்' வராது. 'ஐ ஓன்' என்றால் போதும். பத்து வருடமாக என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ ஹேவ் ஓன்ட் திஸ் ஷாப் ஃபார் டென் இயர்ஸ்'. 'ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்' என்பதும் இதே பிழைதான். ஆனால் 'வீ ஆர் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது. அது செயல்.

பெரிய பிழை பொருளில் இருக்கிறது. ஹேவ் மிக அகலமான சொல். தலைவலி, தம்பி, சந்தேகம், நேரம், பத்து ரூபாய், வீடு எல்லாவற்றோடும் சேரும். ஓன் அப்படிச் சேராது. அது உரிமையைச் சொல்கிற சொல். என் போனை ஒருவன் திருடிக்கொண்டு போனால், போன் இப்போது அவனிடம் இருக்கிறது, 'ஹி ஹேஸ் மை போன்'. ஆனாலும் ஓன் என்கிற வினைக்கு எழுவாய் நான்தான். பறிகொடுத்த பிறகும் நான்தான்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அது இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதனால் 'ஐ ஹேவ் எ பாஸ்போர்ட்' என்போம், 'ஐ ஹோல்ட்' என்போம், 'ஐ ஓன்' என்பதில்லை.

பொசஸ் எழுத்து நடைக்கு உரிய சொல். ஒன்று, திறமை, குணம் போன்றவற்றைச் சொல்ல வரும். மற்றொன்று, ஒரு பொருள் ஒருவர் வசம் இருப்பதைச் சொல்ல வரும். கஞ்சா வைத்திருந்ததாக வழக்கு என்று செய்தியில் படிக்கிறோமே, அங்கே இந்தச் சொல்தான். அது யாருடைய கஞ்சா என்பது அங்கே கேள்வி இல்லை, யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

பிலாங் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

திருமங்கலம்_பத்திரம்

நான் பத்திரம் எழுதுகிறவன், ஆங்கிலம் என் துறை இல்லை. ஆனால் தங்கச்சி கேட்ட கேள்விக்கு விடை எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

பத்திரத்தில் இரண்டு சொல்லை நாங்கள் ஒருநாளும் ஒன்றாகக் குழப்ப மாட்டோம். ஒன்று பாத்தியம், மற்றது சுவாதீனம். பாத்தியம் என்றால் உரிமை. சுவாதீனம் என்றால் சொத்து யார் வசம் இருக்கிறது என்பது. டியூஷன் சார் சொன்ன ஓன், பொசஸ் இரண்டும் இந்த இரண்டுதான்.

ஒத்தி என்பதைச் சட்டத்தில் சுவாதீன அடமானம் என்பார்கள். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-வது பிரிவில் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பணம் தேவை. உங்களிடம் வாங்கிக்கொண்டு வீட்டை உங்கள் சுவாதீனத்தில் விடுகிறார். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, ஒன்றுக்கு ஒன்று ஈடு. பணம் திரும்பி வரும்வரை நீங்கள் குடியிருக்கலாம். பாத்தியம் மட்டும் கடைசிவரை அவருடையது. ஆக நீங்கள் அந்த வீட்டின் பேரில் கடன் கொடுத்தவர், உரிமையாளர் இல்லை.

கிரயப் பத்திரத்தில் எப்படி எழுதுவோம் தெரியுமா? 'தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது'. தானம் கொடுக்கலாம், விற்கலாம், இஷ்டப்படி ஆளலாம் என்று பொருள். ஒத்திப் பத்திரத்தில் இந்த வரி வராது. அந்த வரியை எழுதக்கூடிய சொத்து என்றால் ஓன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லாதீர்கள்.

மாசிவீதி_டியூஷன்

அண்ணே, இவ்வளவு வருடம் பாடம் நடத்தியும் இந்த அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. 'இதை நான் விற்கலாமா, தானமாகக் கொடுக்கலாமா' என்று கேட்டுப் பார்ப்பது. நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன்.

ஆரப்பாளையம்_டிரைவர்

ஒரு சந்தேகம் சார். என்னிடம் இருப்பது ஓன் போர்டு கார். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. மஞ்சள் போர்டு போட்டால் டாக்ஸி. அந்த ஓன் வேறு, இந்த ஓன் வேறா?

இன்னொன்று. காருக்கு இன்னும் இரண்டு வருடம் டியூ கட்ட வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரும் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் விற்க முடியாது. அண்ணன் சொன்ன கணக்குப்படி 'ஐ ஓன் எ கார்' என்று நான் சொல்லக் கூடாதா? சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று நினைக்கிறேன்.

திருமங்கலம்_பத்திரம்

தம்பி, தாராளமாகச் சொல்லுங்கள். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓனர் என்பதற்கே விளக்கம் இருக்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர் ஓனர். வண்டி கடன் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஒப்பந்தப்படி வண்டியைத் தன் வசம் வைத்திருப்பவர் ஓனர். அப்படிப் பார்த்தாலும் நீங்கள்தான். கடன் பாக்கி இருப்பதால் விற்கத் தடை இருக்கிறது, உரிமை இல்லாமல் போகவில்லை. வங்கிக் கடனில் வீடு வாங்கியவருக்கும் இதேதான், பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கும்.

நான் முன்பு சொன்ன அளவுகோல் வீடு, நிலத்துக்கு நன்றாகப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மாசிவீதி_டியூஷன்

ஓன் போர்டு என்பதில் வரும் ஓன் வினை இல்லை, பெயருக்கு முன்னால் வரும் அடை. இந்த அடையில்தான் நம் ஊரில் அதிகமாகத் தவறு வருகிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்' என்று மதுரையில் தினமும் கேட்கலாம். 'எனக்குச் சொந்த வீடு இருக்கு' என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியது. தமிழில் 'சொந்த' என்பது தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் ஓன் தனியாக நிற்காது, அதற்கு முன்னால் மை, யுவர், ஹிஸ், ஹெர் என்று யாருடையது என்பது வர வேண்டும். 'மை ஓன் ஹவுஸ்' என்று வரும், அல்லது 'எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்' என்று வரும். 'ஓன் ஹவுஸ்', 'ஆன் ஓன் ஹவுஸ்' இரண்டும் வராது. இதெல்லாம் சிரமமாக இருந்தால் வினையாக்கிவிடுங்கள்: 'ஐ ஓன் எ ஹவுஸ்'. நாலு சொல்லில் வேலை முடிந்தது.

ஹவுஸ் ஓனர் என்பதும் அப்படித்தான். நமக்கு ஹவுஸ் ஓனர் என்றால் வாடகை வாங்குகிறவர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் என்றுதான் பொருள், வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு விட்டவரை லேண்ட்லார்ட், பெண்ணாக இருந்தால் லேண்ட்லேடி என்பார்கள்.

சிம்மக்கல்_வாசகர்

சார், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹவுஸ் ஓனர் என்பது தமிழ்ச்சொல் ஆகிவிட்டது. மாட்டுத்தாவணியில் இறங்கி யாரிடம் சொன்னாலும் புரியும். அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அதே மாதிரி 'ஓன் பிரதர்' என்று நாம் சொல்வதையும் கிண்டல் செய்கிறார்கள். பெரியப்பா மகனும் நமக்கு அண்ணன்தான், கூடப்பிறந்தவனும் அண்ணன்தான். எந்த அண்ணன் என்று கேட்டால் வேறு எப்படிச் சொல்வது?

மாசிவீதி_டியூஷன்

நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. தமிழ் பேசும்போது ஹவுஸ் ஓனர் என்று சொல்வதை நான் தவறு என்று சொல்லவில்லை, நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது படிப்பவருக்கு வேறு பொருள் போய்ச் சேரும், அது ஒன்றுதான் என் கவலை. செல்லூர் அக்காவுக்கு நேர்ந்ததும் அதுதானே.

ஓன் பிரதர் விஷயத்தில் கிண்டல் செய்கிறவர்கள்தான் பாதி தெரிந்தவர்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர் என்ற பொருளில் ஓன் பிரதர், ஓன் சிஸ்டர் என்று பழைய ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்கள். அங்கே வழக்கு ஒழிந்துவிட்டது, இங்கே தங்கிவிட்டது. ஏன் தங்கியது என்றும் எனக்கு ஒரு எண்ணம். நம் 'சொந்தம்' இரண்டு வேலை செய்கிற சொல். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றால் உரிமையாளர். 'எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வாடிப்பட்டியில இருக்கார்' என்றால் உறவினர். பொருளும் உறவும் ஒரே சொல்லில் இருப்பதால் ஓன் நமக்கு அண்ணன் தம்பியோடும் இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. வினைக்கு மட்டும் அந்த இடம் இல்லை. 'மை ஓன் பிரதர்' என்று சொல்லலாம், 'ஐ ஓன் எ பிரதர்' என்றால் விலைக்கு வாங்கியது போல ஆகிவிடும்.

மேலூர்_தமிழாசிரியை

இழையை முழுதும் படித்தேன். எல்லோரும் ஆங்கிலத்தின் பக்கமிருந்தே பார்க்கிறீர்கள். தமிழின் பக்கமிருந்தும் கொஞ்சம் பாருங்கள், இந்த வேறுபாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஹேவ் போல ஒரே வினை தமிழில் கிடையாது. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்கிறோம். 'என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது' என்கிறோம். உறவுக்கும் உரிமைக்கும் 'கு', கையில் இருப்பதற்கு 'இடம்'. 'என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், தம்பிகளை யாரோ உங்கள் பொறுப்பில் விட்டுப்போனது போலக் கேட்கும். 'எனக்கு மேலூரில் ஒரு வீடு இருக்கிறது' என்றால் அது என் வீடு. 'வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது' என்றால் சாவி கையில் இருக்கிறது, வீடு யாருடையதோ. ஐந்து வயதுக் குழந்தைகூட இதில் தவறுவதில்லை.

நன்னூல் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள், அதாவது உரிமைப் பொருள், சொல்லும்போது தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிக்கிறது. 'எனது கை' தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாதது. 'எனது வீடு' பிறிதின்கிழமை, பிரியக்கூடியது. ஓன் என்ற வினை பெரும்பாலும் பிறிதின்கிழமைக்கு உரியது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். கையை யாரும் ஓன் செய்வதாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு'. இந்த ஒரு குறளில் உடையார், உரியர் இரண்டும் அருகருகே நிற்கின்றன. உடையார் என்னும்போது ஆள் ஒன்றை வைத்திருக்கிறார். உரியர் என்னும்போது ஆளே மற்றவருக்கு உரியவராகிவிடுகிறார். டியூஷன் சார் அப்புறம் எழுதுகிறேன் என்று விட்ட பிலாங் இந்த உரியர்தான். ஓன் உடையவரிடமிருந்து தொடங்கும், பிலாங் பொருளிலிருந்து தொடங்கும்.

பாலமேடு_தம்பி

டீச்சர், நீங்கள் சொன்னதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளை. அதை யாரும் அணைய மாட்டார்கள். வீட்டில் ஒரு காளை வளர்க்கிறோம், அதை 'வீ ஓன் எ புல்' என்று சொல்லலாம், சரி. கோயில் காளைக்கு என்ன சொல்வது? தீவனம் போடுவது ஒருவர், குளிப்பாட்டுவது ஒருவர், கும்பிடுவது ஊரே. யாரும் 'என் காளை' என்று சொல்லிவிட முடியாது.

மாசிவீதி_டியூஷன்

பிலாங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது தம்பி. 'தி புல் பிலாங்ஸ் டு தி டெம்பிள்'. காளையிலிருந்து வாக்கியம் தொடங்குகிறது, டு போட்டு உரியவரைச் சொல்கிறோம். 'இஸ் பிலாங்ஸ் டு' என்று ஒரு இஸ் சேர்த்து எழுதுவது நம் பிள்ளைகளின் வழக்கமான பிழை, அது வேண்டாம். பிலாங் தானே வினை. இஸ் வேண்டுமென்றால் ஓன் பக்கம் வாருங்கள்: 'இஸ் ஓன்ட் பை'.

திருமங்கலம்_பத்திரம்

சாமியும் சொத்து வைத்திருக்கலாம் தம்பி. நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் தெய்வம் சட்டப்படி ஒரு நபர். நிலம் அம்மன் பெயரிலேயே இருக்கும். ஆகவே கோயில் ஓன் பண்ணுகிறது என்றாலும் சட்டப்படி சரியாகத்தான் வரும்.

புதுமண்டபம்_தையல்

என் அப்பா புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தார். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் வீட்டில் பேச்செல்லாம் அந்தத் தூண்களைப் பற்றித்தான். என் மகன் பள்ளிக் கட்டுரையில் 'மை கிராண்ட்ஃபாதர் ஓன்ட் எ ஷாப் இன் புதுமண்டபம்' என்று எழுதினான். மண்டபம் திருமலை நாயக்கர் கட்டியது, கோயிலுக்கு உரியது. நாங்கள் வாடகைதான் கொடுத்தோம். மகன் எழுதியதைத் திருத்த வேண்டுமா?

மாசிவீதி_டியூஷன்

வேண்டாம். இதில் நுட்பம் இருக்கிறது. ஷாப் என்றால் இடம் மட்டும் இல்லை, தொழிலும்தான். மெஷின், துணி, வாடிக்கை, உழைப்பு எல்லாம் உங்கள் அப்பாவுடையது. இடம் வாடகை என்பதால் தொழில் அவருடையது இல்லை என்று ஆகிவிடாது. நாமும் 'கடை வைத்திருந்தார்' என்றுதானே சொல்கிறோம், இடம் யாருடையது என்று அதில் கேட்பதில்லை. குழப்பமே வரக் கூடாது என்று நினைத்தால் 'ரேன் எ டெய்லரிங் ஷாப்' என்று எழுதச் சொல்லுங்கள். கடை நடத்தினார் என்று பொருள்.

கோரிப்பாளையம்_நூலகம்

வரலாற்றுப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ஓன், ஓவ், ஆட் இந்த மூன்றும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் ஆகன் என்ற வினைக்கு உடையவனாக இருப்பது என்று பொருள். அதிலிருந்து ஓவ் வந்தது. முதலில் அதற்கும் உடைமைப் பொருள்தான் இருந்தது, பிறகு கடன்பட்டிருப்பது என்று மாறிவிட்டது. ஓவ் என்பதன் பழைய இறந்தகால வடிவம்தான் இன்றைய ஆட், 'செய்யக் கடமைப்பட்டவன்' என்னும்போது வருகிறதே அது.

நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் கடன் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இருக்கிறது. கடையில் சொல்லி வாங்குவதும் கடன். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று வரியில் கடமையும் கடன்.

செல்லூர்_அக்கா

எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு முறை படித்தேன், என் கணவரையும் படிக்கச் சொன்னேன். இப்போது இப்படி எழுதிப் பார்த்தேன், சரியா சார்?

'வீ டோன்ட் ஓன் திஸ் ஹவுஸ். வீ பெய்ட் தி ஹவுஸ் ஓனர் எ லார்ஜ் டெபாசிட். வீ லிவ் ஹியர் வித்அவுட் ரென்ட், அண்ட் ஷி வில் ரிட்டர்ன் தி மணி வென் வீ லீவ்.'

மாசிவீதி_டியூஷன்

அருமை. ஹவுஸ் ஓனரை மட்டும் லேண்ட்லேடி ஆக்குங்கள். ஒத்தி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் தேட வேண்டாம். வெளியூர்க்காரருக்கு இந்த வழக்கம் தெரியாது, நீங்கள் செய்தது போல நடப்பதை விளக்கிச் சொல்வதுதான் வழி. படிவத்தில் இரண்டில் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும் என்றால் ரென்ட்டைக் குறித்துவிட்டு, கீழே இடம் இருந்தால் இதை எழுதுங்கள்.

திருமங்கலம்_பத்திரம்

தங்கச்சி, ஆங்கிலம் சரியாகிவிட்டது. நான் ஒன்று கேட்க வேண்டும். ஆறு லட்சத்துக்கு எழுதிய ஒத்திப் பத்திரம் பதிவு ஆகியிருக்கிறதா?

செல்லூர்_அக்கா

இல்லை அண்ணே. முத்திரைத்தாளில் எழுதி வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி. அவ்வளவுதான்.

திருமங்கலம்_பத்திரம்

அது போதாது. நூறு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சுவாதீன அடமானம் என்றால் பதிவுசெய்த பத்திரம் வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் ஒத்தி ஏறும். நாளைக்கு அந்த அம்மா வீட்டை விற்கப் போனாலும் வாங்குகிறவருக்கு உங்கள் பணம் இருப்பது தெரிந்துவிடும். செலவு ஆகும், அதைப் பார்க்காதீர்கள். முதலில் அந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று. அப்புறம் அந்த அம்மாவிடம் பக்குவமாகப் பேசுங்கள்.

செல்லூர்_அக்கா

சரி அண்ணே. வில்லங்கம் இன்றைக்கே போடச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டில்தான் இருப்பார்கள், இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.